கம்ப்யூட்டருக்குள் ஒரு கைபேசி

நம் பாலிடெக்னிக்கில் சி லாங்குவேஜ் லேபுக்குள் நுழைந்த ஒவ்வொருவரும் எமுலேட்டர் பயன்படுத்தியிருக்கிறோம். பாதிப் பேருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். நீலத் திரையில் டர்போ சி திறக்கிறோமே, அது 16 பிட் டாஸ் காலத்துச் சரக்கு. இன்றைய 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. நடுவில் டாஸ்பாக்ஸ் என்ற ஒன்று உட்கார்ந்துகொண்டு, "நான்தான் அந்தப் பழைய டாஸ் கம்ப்யூட்டர்" என்று டர்போ சி-யிடம் பொய் சொல்கிறது. டர்போ சி-யும் நம்பி ஓடுகிறது. இந்தப் பொய்க்குத்தான் எமுலேஷன் என்று பெயர்.

எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் 8085 கிட் கிடைக்காத நாளில் கம்ப்யூட்டரிலேயே சிமுலேட்டரைப் போட்டு ரெஜிஸ்டர்களைப் பார்ப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். புது விஷயமும் அல்ல. 1964-ல் ஐ.பி.எம். தன் சிஸ்டம் 360 கம்ப்யூட்டரை அறிவித்தபோது, பழைய 1401 கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராம்களை வாடிக்கையாளர்கள் தூக்கி எறிய வேண்டாம் என்பதற்காக எமுலேஷன் வசதியையும் சேர்த்தே கொடுத்தது. இன்னொரு வேடிக்கை: டாஸ்பாக்ஸ் 2002-ல் வெளிவந்ததே பழைய விளையாட்டுகளை ஆடத்தான். அதை எடுத்துப் பாடத்துக்குப் பயன்படுத்தியது நம் கல்லூரிகள். நாம் இப்போது எமுலேட்டரை மறுபடி விளையாட்டுக்கே கொண்டு போயிருக்கிறோம்!

விடுதியில் இரவு நேரத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தால் தெரியும். கைபேசியில் ஆட வேண்டிய ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் லேப்டாப் திரையில் ஓடும். கையில் மவுஸ், விரலுக்கடியில் கீபோர்டு. புளூஸ்டாக்ஸ், எல்.டி.பிளேயர், நாக்ஸ், கேம்லூப் என்று ஆளுக்கொரு எமுலேட்டர். ஆடுவதில் தப்பில்லை. ஆனால் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் ஆடுகிறவன்தான் "பைபாஸ்", "ஹேக்" என்று யாராவது நீட்டினால் கைநீட்டி வாங்கிக்கொள்கிறான். அதனால் முதலில் அது ஓடுகிற விதத்தைப் பார்த்துவிடுவோம்.

இரண்டு மொழிகள், ஒரு மொழிபெயர்ப்பாளர்

கைபேசியின் பிராசசர் ஆர்ம் வகை. நம் லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி.யின் எக்ஸ் 86 வகை. இரண்டின் கட்டளைத் தொகுப்பும் வேறு வேறு. சாதாரண ஆண்ட்ராய்டு செயலி ஜாவாவிலோ காட்லினிலோ எழுதப்பட்டிருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. அது பைட்கோடாக இருக்கும், எந்த பிராசசராக இருந்தாலும் ஆண்ட்ராய்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் விளையாட்டுகள் வேகத்துக்காக சி++ மொழியில் எழுதப்பட்டு, நேராக ஆர்ம் கட்டளைகளாகவே மாற்றப்பட்டிருக்கும். அவற்றை எக்ஸ் 86-ல் ஓட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. இன்டெல் நிறுவனம் இதற்கென்றே ஹூடினி என்ற மென்பொருளை உருவாக்கியது. ஆட்டம் ஓட ஓட, ஆர்ம் கட்டளைகளை அது எக்ஸ் 86 கட்டளைகளாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது விர்ச்சுவலைசேஷன். எமுலேட்டருக்குள் ஒரு முழு ஆண்ட்ராய்டு சிஸ்டமே ஓடுகிறது. லேப்டாப் பிராசசரின் ஒரு பகுதியை அதற்குத் தனியாக ஒதுக்கித் தரும் வசதிக்கு இன்டெலில் வி.டி.எக்ஸ் என்றும் ஏ.எம்.டி.யில் எஸ்.வி.எம். என்றும் பெயர். பல லேப்டாப்களில் இது பயாஸுக்குள் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். "அண்ணே, எட்டு ஜி.பி. ரேம் இருந்தும் ஹேங் ஆகுதுண்ணே" என்று வருகிறவர்களில் பலருக்கு நான் செய்து கொடுத்தது பயாஸுக்குள் போய் இதை எனேபிள் செய்தது மட்டும்தான். நாலு ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். அதில் விண்டோஸ் சாப்பிட்டது போக மிச்சம் இருப்பது ஆண்ட்ராய்டுக்குக் காலை டிபனுக்குக்கூடக் காணாது. அதோடு நம் வத்தலக்குண்டு ஏப்ரல் வெயிலில் லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்து ஆடுவது பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கட்டைவிரலும் மவுஸும்

கைபேசியில் ஆடுகிறவன் இரண்டு கட்டைவிரலால் ஓடவும் வேண்டும், குறிபார்க்கவும் வேண்டும், சுடவும் வேண்டும். எமுலேட்டரில் ஆடுகிறவனுக்குப் பத்து விரல், பெரிய திரை, மவுஸின் நுணுக்கம். இருவரையும் ஒரே களத்தில் இறக்கினால் அது நியாயமா? நம் ஊர்ப்பக்கம் கபடிப் போட்டி நோட்டீஸில் எடைப்பிரிவு போடுகிறார்களே, அதே காரணம்தான். ஐம்பத்தைந்து கிலோ ஆட்டத்தில் எழுபது கிலோ ஆளை இறக்கினால் கமிட்டிக்காரர்கள் விடுவார்களா?

டென்சென்ட் நிறுவனம் 2018-ல் பப்ஜி மொபைலுக்காகத் தானே ஒரு எமுலேட்டரை வெளியிட்டது. கேமிங் பட்டி என்று பெயர். 2019-ல் அது கேம்லூப் ஆனது. எமுலேட்டரில் வருகிறவர்களை எமுலேட்டர்காரர்களோடு மட்டும் மோதவிட்டார்கள். நாலு பேர் அணியில் ஒருவன் எமுலேட்டரில் இருந்தாலும் அணி முழுவதும் எமுலேட்டர் பிரிவுக்குப் போகும். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அதற்குப் பதிலாகக் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலையில் கொண்டு வந்த பி.ஜி.எம்.ஐ. இன்னும் கறார். அதில் எமுலேட்டருக்கு இடமே இல்லை.

இங்கேதான் முதல் திருட்டுத்தனம் ஆரம்பமாகிறது. எமுலேட்டர் பிரிவில் எல்லோரிடமும் மவுஸ் இருப்பதால் ஜெயிப்பது கஷ்டம். "நான் கைபேசிதான்" என்று ஆட்டத்தை ஏமாற்றிவிட்டால்? எதிரே கட்டைவிரல்காரர்கள் மட்டும்தானே! இதைச் செய்து தருவதாகச் சொல்லி விற்கப்படுவதுதான் எமுலேட்டர் பைபாஸ்.

ஆட்டம் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்கள் கையில் இருக்கும் கைபேசி ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது. நீங்கள் மூச்சு விட்டாலே ஆக்சலரோமீட்டரில் எண்கள் ஆடும். பேட்டரி குறையும், சூடேறும். எமுலேட்டரில் பேட்டரி ஒரே அளவில் நிற்கும், சென்சார் கல் மாதிரி இருக்கும். பிராசசர் விவரம், கைபேசி மாடல் பெயர், கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதற்கு மேல் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை இருக்கிறது. உண்மையான கைபேசிக்குள் தயாரிப்பின்போதே ரகசியச் சாவி வைக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். மாடல் பெயரைப் பொய்யாகச் சொல்லலாம். சிப்புக்குள் இல்லாத சாவிக்கு எங்கே போவது?

அடிவாரத்தில் உட்கார்ந்தவன்

பைபாஸ் ஒரு ரகம் என்றால், சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரியைக் காட்டும் ஹேக், தானே குறிபார்த்துச் சுடும் எய்ம்பாட் எல்லாம் இன்னொரு ரகம். சுவருக்குப் பின்னால் இருப்பவன் எப்படித் தெரிகிறான்? மந்திரமில்லை. எதிரி சுவரைத் தாண்டி வரும் அந்த நொடியில் அவன் உருவம் திரையில் தடங்கலில்லாமல் தோன்ற வேண்டும். அப்போது போய் சர்வரிடம் கேட்டுக்கொண்டிருந்தால் நேரமாகும். அதனால் பக்கத்தில் இருக்கும் எதிரிகளின் இடங்களைச் சர்வர் முன்கூட்டியே உங்கள் மெமரிக்கு அனுப்பிவிடுகிறது. திரையில் வரைவதில்லை, அவ்வளவே. அந்த மெமரியைப் படிக்க முடிந்தவனுக்குச் சுவர் கிடையாது.

நல்ல கைபேசியில் ஒரு செயலியின் மெமரியை இன்னொரு செயலி படிக்க முடியாது. ஆண்ட்ராய்டு விடாது. ரூட் செய்தால்தான் உண்டு. எமுலேட்டரிலோ ஆண்ட்ராய்டே விண்டோஸ் மேல் ஓடும் ஒரு புரோகிராம்தான். ஆண்ட்ராய்டின் மொத்த மெமரியும் விண்டோஸின் மெமரியில் ஒரு மூலை. விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பவன் அதைத் திறந்து பார்க்கலாம், மேலே இருக்கும் ஆட்டத்துக்கு அது தெரியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கொடைக்கானலுக்குப் போகிற பஸ்ஸும் லாரியும் பெரும்பாலும் வத்தலக்குண்டைத் தாண்டித்தான் மலையேறும். (பழனி வழியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்!) இங்கே ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இன்றைக்கு எத்தனை வண்டி மேலே போனது, எதில் அரிசி, எதில் சிமென்ட் என்று தெரியும். மேலே இருக்கிறவருக்கு, கீழே ஒருவன் எண்ணிக்கொண்டிருப்பது தெரியாது. கீழ் அடுக்கில் இருப்பவன் மேல் அடுக்கை முழுக்கப் பார்ப்பான். மேலே இருப்பவன் கீழே பார்க்க முடியாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால், ஏமாற்றுக்காரர்களுக்கு எமுலேட்டர் ஏன் பிடிக்கிறது, ஆட்டக் கம்பெனிகளுக்கு அது ஏன் பிடிக்கவில்லை என்ற இரண்டும் புரிந்துவிடும்.

இதே விதிக்கு மூன்றாவது பக்கமும் ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஹேக் லோடரை ஓட்டும்போது அது என்னென்ன கேட்கிறது? "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்." "விண்டோஸ் டிஃபெண்டரை ஆஃப் பண்ணு." சில சமயம் கெர்னலுக்குள் ஒரு டிரைவரையும் போட்டுக்கொள்கிறது. அதாவது ஆட்டத்துக்குக் கீழே நீங்கள் போய் உட்கார்கிறீர்கள். உங்களுக்கும் கீழே, லோடரை எழுதியவன் வந்து உட்கார்கிறான். நீங்கள் எதிரியைச் சுவர் வழியாகப் பார்க்கிறீர்கள், அவன் உங்களைப் பார்க்கிறான்.

ஒரு லேப்டாப்பின் கதை

இரண்டாமாண்டு தம்பி ஒருவன். நிலக்கோட்டைப் பக்கம். வீட்டில் பூ வியாபாரம். தவணையில் வாங்கிய லேப்டாப். டெலிகிராமில் ஒருவன் முந்நூறு ரூபாய்க்கு "ஏழு நாள் கீ" தருகிறேன் என்றிருக்கிறான். மூன்றாம் நாளே என்னிடம் லேப்டாப்போடு வந்தான்.

"ஒண்ணுமே பண்ணலண்ணே. ஒரே ஒரு ஃபைல்தான் ரன் பண்ணேன்."

டிஃபெண்டரைத் திறந்து பார்த்தேன். சி டிரைவ் முழுவதையும் சோதிக்க வேண்டாம் என்று விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தது. வீட்டுக்காவலுக்கு நாய் வளர்த்து, வீட்டுக்குள் மட்டும் வராதே என்று சொன்ன கதை. ஜிமெயிலின் ரெக்கவரி எண் மாறியிருந்தது. இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து உறவுக்காரர்களுக்கெல்லாம் "அவசரம், இரண்டாயிரம் அனுப்புங்க, சாயங்காலம் தந்துடறேன்" என்று செய்தி போயிருந்தது. அவனுடைய சித்தி நம்பி அனுப்பியும்விட்டார். டெஸ்க்டாப்பில் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்து வைத்திருந்த ஆதார், வங்கிப் பாஸ்புக், அம்மாவின் வருமானச் சான்றிதழ். அவை எங்கெங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று வருஷம் ஆடிச் சேர்த்த விளையாட்டுக் கணக்கும் போச்சு. அதுதான் அவனுக்கு முதலில் அழுகை வரவழைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயசு அப்படி.

"ஓ.டி.பி. வராம எப்படிண்ணே உள்ளே போனான்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஒருமுறை லாகின் செய்த பிறகு, அடுத்த தடவை பாஸ்வேர்டு கேட்காமல் இருக்க உங்கள் பிரவுசரில் ஒரு குக்கி சேமிக்கப்படுகிறது. கோயில் திருவிழாவில் கையில் முத்திரை குத்திவிட்டால் மறுபடி டிக்கெட் கேட்க மாட்டார்களே, அது மாதிரி. அந்தக் குக்கியைத் திருடியவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். குக்கியையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அள்ளிக்கொண்டு போவதற்கென்றே மால்வேர்கள் இருக்கின்றன. 2020-ல் தலைகாட்டிய ரெட்லைன் அவற்றில் பேர்போனது. யூடியூபில் விளையாட்டு ஹேக் வீடியோக்களின் கீழே உள்ள இணைப்புகள் வழியாக அது பரப்பப்பட்டதை 2022-ல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளிப்படுத்தியது. 2024 அக்டோபரில் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கினார்கள். அதே வேலையைச் செய்யும் வேறு மால்வேர்களுக்குப் பஞ்சமில்லை.

"நான் ஹேக் போடலையே, வெறும் எமுலேட்டர்தானே" என்பவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் ஈசெட் நிறுவனம் ஒரு செய்தி சொன்னது. நாக்ஸ் பிளேயரின் அப்டேட் வழியையே யாரோ கைப்பற்றி, பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும் உளவு மால்வேரை அனுப்பியிருந்தார்கள். ஈசெட் கண்காணிப்பில் நாக்ஸ் வைத்திருந்த லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஐந்தே பேர்தான் மாட்டியவர்கள். அவர்கள் இருந்த இடங்கள் தைவான், ஹாங்காங், இலங்கை. எண்ணிக்கை சின்னதுதான், பயப்படச் சொல்லவில்லை. கீழ் அடுக்கில் நீங்கள் உட்கார வைக்கும் எந்த மென்பொருளுக்கும் இவ்வளவு அதிகாரம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

மாட்டினால் என்ன?

பப்ஜி மொபைலில் ஹேக் போட்டு மாட்டினால் பத்து ஆண்டுத் தடை. இரண்டாமாண்டில் மாட்டுகிறவன் கல்யாணமாகிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போது திரும்பி வரலாம்! பி.ஜி.எம்.ஐ.யில் 2021 டிசம்பர் முதல் கணக்கோடு சேர்த்துக் கைபேசியையே தடை செய்யும் முறை வந்தது. புதுக் கணக்கு தொடங்கியும் பயனில்லை. அண்ணன் கைபேசியை வாங்கி ஆடியிருந்தால் அண்ணனுக்கும் சேர்த்துத் தண்டனை.

மெமரியில் மறைந்துகொண்டாலும் ஆட்டத்தில் மறைய முடியாது என்பது இன்னொரு விஷயம். சர்வர் உங்கள் கம்ப்யூட்டரை எட்டிப்பார்க்காமலே, ஆட்டத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கும். எத்தனை குண்டு தலையில் பட்டது, குறி எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று கணக்கெடுக்கும். செஸ்ஸிலும் இதே கதைதான். 2021 ஜூனில் கோவிட் நிவாரண நிதிக்காக நம் விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு இணையத்தில் ஆடியபோது, தொழிலதிபர் நிகில் காமத்திடம் தோற்றார். ஐந்து முறை உலகச் சாம்பியன் பட்டம் வென்றவரை ஒரு கற்றுக்குட்டி ஜெயிப்பதா? கம்ப்யூட்டர் உதவியோடு ஆடியதாகக் காமத் மறுநாளே ஒப்புக்கொண்டார். ஆடிய நகர்த்தல்களே காட்டிக்கொடுத்துவிட்டன.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த கேஸ் 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்தது. கைபேசி ஆட்டமல்ல, கவுன்டர் ஸ்டிரைக். ஆப்டிக் இந்தியா என்ற நம் நாட்டு அணி ஆசியப் போட்டிக்குப் போயிருந்தது. ஃபோர்சேகன் என்ற பெயரில் ஆடியவரின் கம்ப்யூட்டரை நடுவர்கள் போட்டி நடுவே சோதித்தார்கள். எய்ம்பாட் புரோகிராமுக்கு அவர் வைத்திருந்த பெயர் "வேர்ட் டாட் எக்ஸி". மைக்ரோசாஃப்ட் வேர்டு என்று நினைத்துக்கொள்வார்கள் என்று எண்ணம்போலும்! போட்டிக் களத்தில் உட்கார்ந்து யார் லெட்டர் டைப் அடிப்பார்கள்? அணி வெளியேற்றப்பட்டது. நிறுவனம் இந்திய அணியையே கலைத்தது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை. ஒரு தப்பும் செய்யாத மற்ற நாலு பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. அதற்கப்புறம் இந்திய ஆட்டக்காரர் யார் வெளிநாட்டில் நன்றாக ஆடினாலும் "வேர்ட் டாட் எக்ஸி" என்று கிண்டல். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-ல் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது, மின்விளையாட்டை அங்கீகரித்தது. இவ்வளவு தூரம் வந்த பிறகு அந்தக் கிண்டல் தொடர்வதில் எனக்குச் சம்மதமில்லை.

விற்கிறவர்கள் கதை வேறு. தென்கொரியாவில் 2016-ல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி ஹேக் செய்து விற்பவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. சீனாவில் 2021-ல் பிடிபட்ட கும்பல் ஏழரைக் கோடி டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தது. பத்துப் பேர் கைது, சொகுசுக் கார்கள் பறிமுதல். அந்தக் கார்களெல்லாம் யாருடைய முந்நூறு ரூபாய் என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. "கணக்கு மலிவா வருது மச்சி" என்று திருட்டு ஐ.டி. வாங்கி விற்கும் இடைத்தரகர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

ஆடத்தான் வேண்டுமென்றால் எமுலேட்டரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளே 2022 முதல் கம்ப்யூட்டருக்கென்று பிளே கேம்ஸ் தருகிறது. அதுவும் நல்ல வழிதான். மினி புராஜெக்ட்டுக்கு ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்கள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு வரும் எமுலேட்டரை வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு எமுலேட்டருக்குள் உங்கள் முதன்மை ஜிமெயிலைப் போடாதீர்கள். தனியாக ஒன்று தொடங்கினால் போதும். ஆதார் ஸ்கேனை டெஸ்க்டாப்பில் வைப்பதையும் நிறுத்துங்கள்.

ஏற்கெனவே லோடர் ஓட்டியாகிவிட்டதா? அந்த லேப்டாப்பில் இருந்துகொண்டே பாஸ்வேர்டு மாற்றினால் புதுசும் அவனுக்கே போகும். நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறொரு நல்ல கைபேசியிலிருந்து மாற்றுங்கள். "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதை மறக்காமல் அழுத்துங்கள். திருடிய குக்கி அப்போதுதான் செல்லாக்காசாகும். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. பணம் அனுப்பிய விவரம், டெலிகிராம் உரையாடல் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகாரையும் கொடுத்துவிடுங்கள். ஃபார்மட் அதற்கப்புறம்தான். ரெக்கார்டு நோட், புராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி டாக்குமென்ட்களை மட்டும் பென்டிரைவில் எடுங்கள், செட்டப் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். விண்டோஸ் புதிதாகப் போடத் தெரியாதவர்கள் எங்கள் பிரிவு லேபுக்குக் கொண்டு வாருங்கள். பயாஸில் விர்ச்சுவலைசேஷனையும் சேர்த்தே ஆன் பண்ணித் தருகிறோம்.